மேஸ்திரி வீட்டு வெள்ளைச் சுவர்

அந்த வீட்டின் முன்னறைச் சுவர் நீலம். தெருவுக்கே தெரியும். பால்காரருக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் தூக்கிவருகிறவருக்குத் தெரியும், தைக்கத் துணி கொண்டுவரும் பெண்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத ஒரே ஆள் அந்தச் சுவருக்கு வண்ணம் அடித்த மேஸ்திரிதான். அவரைப் பொறுத்தவரை அது வெள்ளை. சும்மா வெள்ளையா? பளீரென்ற வெள்ளை! "தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து இப்படியொரு வெள்ளை எனக்கே அமைஞ்சதில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். வந்தவர் சுவரைப் பார்ப்பார், மேஸ்திரியைப் பார்ப்பார், அப்புறம் மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டும் அவர் மனைவியைப் பார்ப்பார். "ஆமா, பளிச்சுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

மனைவியைத் தெருவில் தையல்காரம்மா என்பார்கள். அவளுடைய மெஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற வேலை, எல்லாம் வெள்ளைத் துணி. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை வெள்ளைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நீலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். சட்டையை உதறித் தூக்கிப் பிடித்தால் போதும், சுவர் பல்லை இளிக்கும். கடைசியில் அவளே ஒரு யோசனை செய்தாள். ஜன்னலுக்கு நீலத் துணி எடுத்துத் திரை தைத்து மாட்டினாள். யாராவது வாய்தவறி, "என்னங்க, சுவரு நீலமா..." என்று ஆரம்பித்தால், "ஜன்னல் துணி நீலமில்லையா, அது அடிக்குது" என்று முடித்துவிடுவாள். மழை நாளில் வெயிலே இல்லாதபோதும் அதையே சொல்லுவாள்.

மகளைப் பக்கத்துத் தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் முதல் தடவை சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு?" என்றாள். தையல்காரம்மா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். மேஸ்திரி கொல்லையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு எதற்கு, சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்பவர்கள் மேஸ்திரியோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை.

தொழில் செய்கிறவர்கள் மத்தியில் அவருக்குச் சுண்ணாம்பு என்று பேர். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. கல் சுண்ணாம்பு அது பாட்டுக்குக் கிடக்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டால் கொதித்துப் புகைந்து பக்கத்தில் நிற்கிறவன் காலைச் சுடும். மேஸ்திரியும் அப்படித்தான். சாப்பாடு பிந்தினால் பேசமாட்டார். கூலி பிந்தினாலும் பேசமாட்டார். வேலையில் ஒரு குறை சொல்லிவிட்டால் மட்டும் தீர்ந்தது.

கல்யாணமான புதிதில் தையல்காரம்மா அதைச் செய்தாள். பெரிய வீடு ஒன்றில் வேலை. மதியச் சோறு கொண்டுபோனவள், வாய் சும்மா இருக்காமல், "அந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சு போலிருக்கே" என்றாள். அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார். மேஸ்திரி ஏணியிலிருந்து நிதானமாக இறங்கினார். பெயிண்ட் வாளியை விட்டார் ஓர் உதை. வாளி கூடத்தைத் தாண்டி வாசல் வரை உருண்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் போயே போய்விட்டார். மறுநாள் அவள்தான் போய், முழங்காலிட்டுத் தரையைச் சுரண்டித் துடைத்துக் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு ஏணியை வாங்கிவந்தாள். கைநீட்டி அடிக்கிற மனுஷர் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த வாளி உருண்ட சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை. அன்றோடு அவருடைய வேலையைப் பற்றி வாய் திறப்பதை விட்டாள். எது கேட்டாலும், "நல்லா இருக்குங்க." மகள் பேசப் பழகியபோது அவளுக்கும் இதையே பழக்கினாள்.

சுவர் நீலமானதும் அப்படித்தான். சில வருஷத்துக்கு முன்பு, விடாத மழையில் வெளிவேலை எல்லாம் நின்றுபோயிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மேஸ்திரி தன் வீட்டுச் சுவரையே சுரண்ட ஆரம்பித்தார். பட்டி வைத்துக் குழிகளை அடைத்தார், உப்புத்தாள் போட்டு இழைத்தார், பிரைமர் அடித்துக் காயவிட்டார். அப்புறம் வாளியில் வெள்ளையைக் கலக்கினார். வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் விடுவது வழக்கம். துணிக்கு நீலம் போடுகிற மாதிரிதான், வெள்ளை எடுப்பாகத் தெரியும். மேஸ்திரி ஒரு சொட்டு விட்டுக் கலக்கிப் பார்த்தார். "மங்கலா இருக்கே" என்றார். இன்னொரு சொட்டு. "இன்னும் மங்கல்தான்." இன்னும் கொஞ்சம். மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு வாளிக்குள் வானம் தெரிந்தது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

வெளிவேலையில் இந்தக் கூத்து நடக்காமல் பார்த்துக்கொண்டது அவளுடைய தம்பி. அவனும் பெயிண்டர்தான், மேஸ்திரியோடு வேலைக்குச் சேர்ந்து தலை நரைத்துவிட்டது. அவனுக்கு அவர் வைத்த பேர் ஆமை. ஒரு கதவுக்கு ஒரு நாள் எடுப்பான், ஆனால் ஒரு சொட்டு கீழே சிந்தமாட்டான். மேஸ்திரி வெள்ளையைக் கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். அந்த நேரத்தில் ஆமை வாளியில் பாதியை வேறு வாளிக்கு மாற்றி, வெறும் வெள்ளையை ஊற்றி நீலத்தை அடக்கிவிடுவான். திரும்பி வந்த மேஸ்திரிக்கு மறுபடி மங்கலாகத் தெரியும். "இங்க வெளிச்சம் சரியில்லடா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். டப்பா டப்பாவாக வெள்ளை தீர்ந்துகொண்டிருந்தது. அளவு குறைத்துக் கொடுக்கிறான் என்று பெயிண்ட் கடைக்காரரோடு மேஸ்திரிக்குப் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

ஆமையின் மகள் பிரசவத்துக்குச் சேர்ந்த வாரம் குட்டு உடைந்தது. அந்த வாரம் பல் டாக்டர் ஒருவரின் புது ஆஸ்பத்திரிக்கு வெள்ளை அடிக்கிற வேலை. ஆமை இல்லை. மேஸ்திரி தானே கலக்கி, தானே அடித்து, ரெண்டு கோட்டிங் முடித்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்ததும் தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். அவர் தலை குனிந்திருந்தது. அவள் சட்டென்று எழுந்து, தைத்து மடித்து வைத்திருந்த சட்டைகளை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வாசலில் இருந்த வாளியையும் ஓரமாக நகர்த்தினாள். பழக்கதோஷம்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"நீலமா இருக்காம்" என்றார்.

"எதுங்க?"

"டாக்டர் ஆஸ்பத்திரிச் சுவரு. நான் வெள்ளைன்னேன். அவரு நீலம்னாரு. அவரு பல்லுக்காரரு, வெள்ளையைப் பாத்துப் பாத்துத் தொழில் பண்றவரு. நான் என்ன சொல்ல? உள்ள போயி ஒரு காகிதத்தை எடுத்துட்டு வந்து சுவத்துல வச்சாரு. எனக்கு அந்தக் காகிதம் பழசா, மஞ்சளாத் தெரிஞ்சுது. அப்புறம் மெதுவா, 'மேஸ்திரி, நீங்க கண்ணைக் காட்டுங்க. பணம் இருக்கட்டும், சுவரு இருக்கட்டும், மொதல்ல கண்ணு'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது. சரின்னேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ இருக்கா?" என்றார்.

டீ ஆறிப்போயிருந்தது. அவரே எழுந்துபோய்ச் சுடவைத்துக்கொண்டார். தையல்காரம்மா அப்படியே நின்றாள். இந்த அமைதி அவளை இன்னும் பயமுறுத்தியது. சுண்ணாம்பு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறது, எப்போது பொங்குமோ என்று நினைத்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கண்ணுக்குள் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டது, அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளைகூட மஞ்சளடிக்கும், புரை, ரெண்டு கண்ணிலும் இருக்கிறது, முதலில் வலது கண்ணைச் செய்துவிடலாம் என்று சொல்லி நாள் குறித்துக் கொடுத்தார்கள். "கலர் எல்லாம் புதுசாத் தெரியும் பாருங்க" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள். மேஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. தையல்காரம்மாவுக்கு முகம் செத்துப்போனது.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய், கண்ணு தெரிஞ்சா மொதல்ல எதைப் பாப்பாரு?"

"உன்னைத்தான்."

"விளையாடாதடா. சுவத்தைப் பாப்பாரு. நீலத்தைப் பாப்பாரு. இத்தனை வருஷமா நாம எல்லாரும் சேர்ந்து அவரை முட்டாளாக்கினோம்னு நினைப்பாரு. நினைக்கிறது என்ன, ஆக்கித்தானே வச்சிருக்கோம்? பால்காரர் வரைக்கும் கண்ணைக் காட்டி வச்சிருக்கேனே! அவருக்கு இருக்கிற ஒரே பெருமை அவரு கைவேலைதான். வெளிய தலைகாட்ட முடியாதுன்னு போயிட்டாருன்னா? அப்படியே செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டாருன்னா?"

"இந்த வயசுல எங்கக்கா போவாரு?"

"அன்னிக்கு ஏணியை விட்டுட்டுப் போனாரே."

ஆமை யோசித்தான். அவன் யோசிக்கவும் நேரம் பிடிக்கும். "ஆபரேஷன் அன்னிக்குப் பொழுதுக்கும் ஆஸ்பத்திரியிலதான் இருப்பாரு. அதுக்குள்ள வெள்ளை அடிச்சிடலாம்."

"நீயா? அதுக்குள்ளயா?"

"நீயும் ஒரு கை பிடி."

அப்படித்தான் முடிவாயிற்று. அப்பாவோடு மகள் போவாள், வீட்டில் இவர்கள் சுவரை வெள்ளையாக்குவார்கள். அவர் கண் திறந்து பார்க்கும்போது, அவர் சொன்ன அதே வெள்ளை அங்கே இருக்கும். யாருக்கும் வலிக்காது.

அன்று காலை கிளம்பும்போது மேஸ்திரி துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தையல்காரம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீ வரலையா?" என்றார்.

"அவசரத் துணிங்க. பள்ளிக்கூடம் தொறக்கப் போறாங்க. மகதான் கூட வர்றாளே."

"அது சரி." செருப்பில் கால் நுழையாமல் இரண்டு தரம் தடவினார். "நீயும் வந்தா நல்லா இருக்கும்னு பாத்தேன். கண்ணுக்குள்ள கத்தி வைப்பாங்களாமே."

அவள் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டாள். நூல் ஏற்கனவே கோத்துத்தான் இருந்தது.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஆமை வந்தான். மெஷினை நடுவுக்கு இழுத்துப் போட்டார்கள், பழைய போர்வையை விரித்தார்கள், திரையைக் கழற்றினார்கள். வெளியே தூறல். காற்றே இல்லை. ஆமை சுவரை ஈரத்துணியால் துடைத்து, பெயிண்ட் வழியாமலிருக்க ஓரமெல்லாம் காகித ஒட்டுப் போட்டு, வாளியைக் கலக்கி, ரோலரை நனைப்பதற்குள் பத்துமணிச் சங்கு ஊதிவிட்டது.

"கொஞ்சம் வேகமாத்தான் அடியேன்டா."

"அவசரப்பட்டா திட்டுத்திட்டா நிக்கும். கண்ணு தெரிஞ்சவரு பாக்கப் போறாரு, சும்மாவா?"

அவள் பிரஷ்ஷால் ஓரம் பிடித்துக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷம் பெயிண்டர் பெண்டாட்டியாக இருந்தவளுக்குக் கை தானாக வந்தது. வெள்ளை ஏற ஏற, வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்த மாதிரி அவள் முகத்தில் வெளிச்சம் அடித்தது. நீலம் போகப் போக மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். லேசாகவில்லை.

"செருப்புல கால் நுழையாமத் தடவினாருடா அவரு" என்றாள்.

"பயம் இருக்கும்ல." ஆமை ரோலரை உருட்டினான். "ஆனா மாமா இப்ப முன்ன மாதிரி இல்லக்கா. போன மழையில அந்த மாடி வீட்டுல ஒரு டப்பா ஆயில் பெயிண்டைப் படிக்கட்டுல தவற விட்டுட்டேன். கதவுக்கு வாங்கின புது டப்பா. மேல் படியிலேர்ந்து கீழ் படி வரைக்கும் ஓடுது. நான் செத்தேன்னு நினைச்சேன். மாமா எட்டிப் பாத்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'காலுல விழலியே?' அவ்ளோதான். அப்புறம் துணியை எடுத்துட்டு வந்து கூட உக்காந்து துடைச்சாரு. துடைச்சிட்டே, 'இந்தப் படிக்கட்டு இப்பத்தான்டா பாக்க நல்லா இருக்கு'ன்னு ஜோக் வேற."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே நீ?"

"சொல்ற அளவுக்குப் பெரிய விஷயமா அது? இப்பல்லாம் அவரு அப்படித்தானே."

தையல்காரம்மாவின் பிரஷ் நின்றது. இப்பல்லாம் என்றால் எப்போதிலிருந்து? அவர் கடைசியாக எதையாவது உதைத்தது எப்போது? யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம் கதவை அறைந்தார். அப்புறம்? பக்கத்து வீட்டு ரேடியோ அலறினால் முன்பெல்லாம் சண்டைக்குப் போவார்; இப்போது அதோடு சேர்ந்து முனகிக்கொண்டே பிரஷ் கழுவுகிறார். ஆறிய டீயைத் தானே சுடவைக்கிறார். சோற்றில் உப்பு இல்லாவிட்டால் எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறார். அதையெல்லாம் பார்த்தபோது உடம்பு முடியவில்லை போலிருக்கிறது, வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். மனுஷர் மாறிக்கொண்டிருக்கிறார் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவள் இன்னமும் அந்த ஏணி மனுஷரோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். எப்போதோ தூர்ந்துபோன பள்ளத்தைச் சுற்றிக்கொண்டே தினமும் நடந்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவர் காலையில் வாசலில் நின்று, நீயும் வந்தால் நல்லா இருக்கும் என்று வாய்விட்டுக் கேட்டார். இவள் நூல் கோத்தாள்.

"போதும்டா. நிறுத்து" என்றாள்.

"என்னது? பாதிதான் ஆகியிருக்கு."

"பாதியோட இருக்கட்டும். நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அக்கா, பாதி நீலம் பாதி வெள்ளைன்னா முழுசா நீலமா இருக்கிறதைவிட மோசம்!"

"தெரியும். ரோலரைக் கீழ வை."

அவள் சேலையைக்கூட மாற்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போய்ச் சேரும்போது ஆபரேஷன் முடிந்திருந்தது. மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் பஞ்சு வைத்து மூடி ஒட்டியிருந்தார்கள். மகள் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருந்தாள். மனைவியைப் பார்த்ததும் அவர் பன்னைக் கீழே வைத்தார்.

"அவசரத் துணின்னியே?"

"தைக்கல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மூக்கை இழுத்தார். "உன்மேல பெயிண்ட் வாசம் அடிக்குதே?"

மகள் எழுந்து, மருந்துச் சீட்டைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று நழுவினாள்.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள் தையல்காரம்மா. "வலிச்சுதா?"

"வலி இல்ல. பயமாத்தான் இருந்துச்சு. நீ எங்க இருக்கேன்னு ரெண்டு தரம் கேட்டுட்டேன் போலிருக்கு, அந்த நர்சுப்பொண்ணு சிரிச்சுது."

அவள் பன்னை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தார்கள். ஆமை இன்னும் போகாமல், அறை நடுவில் மெஷினுக்குப் பக்கத்தில், திருடி அகப்பட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி தனக்குத் திறந்திருந்த பழைய கண்ணால் சுவரைப் பார்த்தார். கிட்டே போனார்.

"இந்தப் பக்கம் யாருடா மஞ்சள் அடிச்சது?"

ஆமைக்கு இருமல் வந்துவிட்டது. புத்தம்புது வெள்ளையைத்தான் அவர் மஞ்சள் என்றார்.

"நல்ல வெள்ளையில கொண்டுவந்து மஞ்சளை அடிச்சு வச்சிருக்கீங்களே, எதுக்கு? என்ன விஷயம்?"

"நாளைக்குக் காலையில கட்டுப் பிரிக்கட்டுங்க" என்றாள் அவள். "அப்ப நீங்களே பாருங்க. அப்புறம் எல்லாம் சொல்றேன்."

"ஏன், இப்பச் சொன்னா என்ன?"

"பயமா இருக்கு."

அவர் திரும்பினார். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அதைச் சொல்லாமலிருக்கத்தான் இத்தனை 'நல்லா இருக்குங்க' சொல்லியிருந்தாள். மேஸ்திரி ஏதோ கேட்கப்போய், கேட்காமல், "சரி, காலையில பாத்துக்கலாம்" என்று கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காலையில் போய்க் கட்டைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். மகள் வாசல் வரை வந்துவிட்டு, "அம்மா, எனக்கு வீட்டுல வேலை கிடக்கு" என்று ஓட்டம் பிடித்தாள். மழை விட்டிருந்தது. திரை இல்லாத ஜன்னல் வழியாக வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. மேஸ்திரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மனைவியின் தையல் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரின் பழைய பாதிக்கு எதிரே உட்கார்ந்தார்.

வலது கண்ணைக் கையால் மறைத்தார். கையை மாற்றி இடது கண்ணை மறைத்தார். மறுபடி வலது. மறுபடி இடது. கண் பரிசோதனைக்கு வந்த ஆள் மாதிரி செய்துகொண்டே இருந்தார். தையல்காரம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமை வாளியை எட்ட முடியாத தூரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டிருந்தான்.

"இந்தக் கண்ணுக்கு வெள்ளை" என்றார் மேஸ்திரி. "இந்தக் கண்ணுக்கு நீலம்."

ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"அடிச்ச அன்னிக்கே நீலமா இது?"

"ஆமாங்க" என்றாள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"டேய், உனக்கு?"

"தெரியும் மாமா. வேலை நடக்கிற இடத்துலயும் நீங்க கலக்கினதுல நான்... நீங்க டீ குடிக்கப் போறப்ப... கொஞ்சம் வெள்ளை ஊத்துவேன்."

மேஸ்திரி அவனையே பார்த்தார். "அதுதான் டப்பா டப்பாவாத் தீர்ந்துச்சா? அடப்பாவி! அந்தக் கடைக்காரரைத் திருடன்னு நாக்குல நரம்பில்லாம பேசிட்டு வந்தேனேடா!"

ஆமை கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தான்.

"தெருவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றாள். "நான்தான் யாரும் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சேன். நேத்து அதை வெள்ளையாக்கி மறைச்சிடலாம்னுதான் உங்ககூட வராம உக்காந்தேன். அப்புறம் மனசு கேக்கல. வந்துட்டேன்."

மேஸ்திரி கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நகக்கண்ணில் பழைய பெயிண்ட் இருந்தது. அதைச் சுரண்டினார். அவர் எழுந்து போகப்போகிறார் என்று அவள் நினைத்தாள். செருப்பு எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்தாள்.

"நான் அவ்ளோ மோசமாவா இருந்தேன்?" என்றார்.

"இருந்தீங்க."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"இப்பவுமா?"

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு கண் சிவந்து நீர் கோத்திருந்தது. "தெரியலைங்க" என்றாள். "கேட்டுப் பாக்கல. கேட்டுப் பாத்திருக்கணும்."

அவர் ஸ்டூலைத் திருப்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தார். "சின்ன வயசுல யாராவது குறை சொன்னா, நாளைக்கு வேலை போயிடும், கஞ்சிக்கு என்ன வழின்னு உடம்பெல்லாம் பத்தும். பயந்தாங்கொள்ளின்னு தெரியக் கூடாதுன்னு கத்துவேன். அது எப்பவோ விட்டுப்போச்சு. எப்பன்னு எனக்கே தெரியாது. நாந்தான் சரின்னு விறைச்சுக்கிட்டு நிக்கிறது இருக்கே, அது ஏணியில நிக்கிறதைவிடக் கால் வலி. விட்டதுக்கப்புறம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்ககிட்ட வந்து, நான் விட்டுட்டேன்னு சொல்லணும்னு தோணவே இல்ல பாரு."

"நானும் பாக்கல" என்றாள்.

"டேய் ஆமை, வா, உக்காரு. ஓடிடாத. பால்காரர்கிட்டக்கூட நான் பீத்திக்கிட்டேனே, அவரு என்ன சொன்னாரு?"

"பளிச்சுன்னு இருக்குன்னாரு மாமா."

மேஸ்திரிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் கிட்டே ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்தார். "சிரிக்காதீங்க, கண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு!" என்று அதட்டியவளும் சிரித்துவிட்டாள். ஆமைக்கு விஷயம் பிடிபட்டுச் சிரிப்பு வருவதற்குள் அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள்.

தூசியில் போகக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்ததால் கொஞ்சநாள் சுவர் அப்படியே கிடந்தது. வருகிறவர்களிடம் மேஸ்திரியே காட்டினார். "இது நான் குருடா இருந்தப்ப அடிச்சது, இது இவங்க திருட்டுத்தனமா அடிச்சது" என்பார். நேராகப் பெயிண்ட் கடைக்குப் போய்க் கடைக்காரர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். தூசித் தடை தீர்ந்ததும் பல் டாக்டரின் சுவரை ஆமை கலக்க, ஆமை சொன்னபடி அடித்துக் கொடுத்தார்.

அப்புறம் ஒரு காலையில் தன் வீட்டுச் சுவருக்கு முன்னால் வாளியோடு வந்து நின்றார்.

"சரி, முழுசா வெள்ளை அடிச்சிடலாமா, நீலமே இருக்கட்டுமா?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "எனக்கு அந்த நீலம் பிடிக்கவே இல்லைங்க. மொத நாளே பிடிக்கல. வெள்ளையும் வேணாம். பொழுதுக்கும் வெள்ளைத் துணியைப் பாத்துக் கண்ணு பூத்துப்போகுது."

"அப்ப என்ன கலர் வேணும் உனக்கு?"

ஊரில் யார் யார் வீட்டுக்கோ என்ன கலர் வேணும் என்று கேட்டுக் கேட்டு அடித்த மனுஷர். அவளை அவர் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அதனால் அவளுக்குப் பதில் தெரியவில்லை.

"தெரியல. காட்டுங்க, சொல்றேன்."

மேஸ்திரி ஒரு குவளையில் கொஞ்சம் கலக்கிச் சுவரில் ஒரு பட்டை இழுத்தார். இளம்பச்சை.

"இல்ல" என்றாள்.

அவள் கண் தானாக வாளிப் பக்கம் போனது. அவர் "ம்" என்று சொல்லிவிட்டுக் குவளையைக் கழுவினார். அடுத்தது சந்தன நிறம்.

"இல்ல. அழுக்குத் துணி மாதிரி இருக்கு."

"சரிதான்" என்றார். அவரும் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஆமா, அப்படித்தான் இருக்கு" என்றார். மூன்றாவதாக இழுத்த பட்டையின் ஓரம் கோணலாக இருந்தது. அதையும் சொன்னாள். நேராக்கினார். பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் அதோடு முனகிக்கொண்டே குவளையைக் கலக்கினார். வாளி அவர் காலடியில்தான் இருந்தது. அவள் அதை நகர்த்தி வைக்கவில்லை.

நான்காவது பட்டை காலை வெயில் விழுந்த மண்சுவர் மாதிரி ஒரு மங்கின ஆரஞ்சு. அது காயக் காய அறை முழுவதும் ஒரு சூடு பரவியது. கையிலிருந்த வெள்ளைச் சட்டைகூட அதன் முன்னால் பார்க்க அழகாகிவிட்டது.

"இது?" என்று கேட்டு மேஸ்திரி திரும்பினார். இரண்டு கண்ணையும் சுருக்கிக்கொண்டு, அவள் வாயையே பார்த்தபடி நின்றார்.

அவளுக்குப் பிடித்துவிட்டது. பார்த்தவுடனே பிடித்துவிட்டது. இருந்தாலும் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"இல்ல."

"சரி" என்று மேஸ்திரி குவளையைக் கழுவப் போனார்.